விலாசம் எழுதும் நோட்டு

மயிலாப்பூர் கச்சேரி சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில்தான் நான் முதன்முதலாக இணையத்தைப் பார்த்தேன். 2003ஆம் வருடம், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மணிக்கு 20 ரூபாய். ஆறு கம்ப்யூட்டர்கள், நடுவே பிளைவுட் தடுப்புகள். வாசலில் இருந்த மேஜையில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று திறந்தே கிடக்கும். அதோடு நூல் கட்டிய பேனா. பெயர், விலாசம், போன் நம்பர், வந்த நேரம், போன நேரம். "போலீஸ்ல கேப்பாங்கம்மா, எழுதிடுங்க" என்பார் கடைக்காரர். எங்கள் வீட்டில் அப்போது செல்போன் கிடையாது. மந்தைவெளி வீட்டின் லேண்ட்லைன் எண்ணை எழுதினேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து வீட்டுக்கு அழைப்புகள் வர ஆரம்பித்தன. எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு ஒருநாள் பேசினான். என் பெயர் தெரிந்திருந்தது, தெரு தெரிந்திருந்தது, முந்தின நாள் நான் எத்தனை மணிக்கு மாடியிலிருந்து இறங்கினேன் என்பதும் தெரிந்திருந்தது. அவன் கடைக்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை. எனக்கு அடுத்து நோட்டில் எழுதிய எவனும், மேல் வரியைப் படித்தாலே போதும். ஒருமுறை அப்பா எடுத்துவிட்டார். அவர் என்னைத் திட்டவில்லை. "இனிமே அங்க போக வேணாம்" என்றார், அவ்வளவுதான். அடுத்த ஒன்றரை வருடம் நான் எந்தக் கம்ப்யூட்டர் முன்னாலும் உட்காரவில்லை. என் அண்ணன் போய்க்கொண்டுதான் இருந்தான். அதே சென்டர், அதே நோட்டு.

இணையத்தை ஒழுங்குபடுத்துவது பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த நோட்டு நினைவுக்கு வரும். பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது அது. பின்னாளில் தி.நகரில் ஒரு சிறிய இணையச் செய்தித் தளத்தில் வேலைக்குச் சேர்ந்து, சட்டமும் வழக்கும் பற்றி எழுதத் தொடங்கியபோது, இந்த ஊரில் இணையச் சட்டத்தின் வரலாறு பெரும்பாலும் பெண்கள் கொடுத்த புகார்களின் வரலாறு என்பது தெரிந்தது. புகார் கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது, அந்தச் சட்டங்கள் வேறு யாருக்குப் பயன்பட்டன என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் வந்தது. இணையத்தில் ஆபாசம் பரப்பியதற்காக, அதன் 67ஆம் பிரிவின்கீழ் இந்தியாவில் முதன்முதலில் தண்டனை கொடுத்ததாகச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு சென்னையில்தான் நடந்தது. சுஹாஸ் கட்டி வழக்கு என்பார்கள். குற்றவாளியின் பெயரால் வழக்கு அறியப்படுவது நல்லதுதான், அந்தப் பெண்ணின் பெயரை நாம் சொல்ல வேண்டியதில்லை. மணமுறிவு பெற்றவர். அவரைத் திருமணம் செய்துகொள்ள விரும்பி மறுக்கப்பட்ட ஒருவன், அவர் பெயரிலேயே போலி மின்னஞ்சல் கணக்கு திறந்து, யாஹூ குழுவில் அவரைப் பற்றி ஆபாசமாக எழுதினான். அதைப் படித்த ஆண்கள் அவரைப் பாலியல் தொழிலாளி என்று நினைத்துக்கொண்டு தொலைபேசியில் அழைக்க ஆரம்பித்தார்கள். 2004 பிப்ரவரியில் அவர் சென்னை சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தார். மும்பையில் அவனைப் பிடித்தார்கள். மார்ச் மாதம் குற்றப்பத்திரிகை. நவம்பர் 5ஆம் தேதி எழும்பூர் நீதிமன்றம் அவனுக்கு இரண்டாண்டு கடுங்காவல் கொடுத்தது.

ஒன்பதே மாதம். இருபது வருடம் கழித்தும் எனக்கு இது வியப்பாகத்தான் இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு பெண் மின்னஞ்சல் பார்ப்பதே கொஞ்சம் விசேஷமாக இருந்த காலம். ஃபேஸ்புக் அந்த வருடம்தான் அமெரிக்காவில் ஒரு கல்லூரி விடுதியில் பிறந்திருந்தது. அப்போது நம் போலீஸாருக்கு இந்தத் தொழில்நுட்பம் புதிது, ஆனால் ஒரு பெண்ணின் புகாரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அனுபவம் கூடக் கூட வேகம் ஏன் குறைந்தது என்பதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஒரு சிறிய பதில் இருக்கிறது: அந்த வழக்கில் அரசுக்கோ கட்சிக்கோ பெரிய நிறுவனத்துக்கோ பங்கு எதுவும் இல்லை.

2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைப் பெரிதாக விவாதிக்காமலே திருத்தியது. 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் அந்தரங்கத்தைச் சம்மதமில்லாமல் படமெடுத்துப் பரப்புவதைக் குற்றமாக்கும் 66இ இந்தத் திருத்தத்தில்தான் வந்தது. கூடவே 66ஏ வந்தது: இணையத்தில் "மிகவும் புண்படுத்தும்" செய்தியோ, தெரிந்தே பொய்யான செய்தியை அனுப்பி "எரிச்சல்" ஊட்டுவதோ மூன்றாண்டு சிறைக்குரிய குற்றம். தளங்களை முடக்க மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்கும் 69ஏவும் வந்தது. ஒரே கட்டில் மூன்றையும் கட்டிக் கொடுத்தார்கள். பெண்கள் அமைப்புகளில் இருந்த நாங்கள் 66இயைப் பார்த்தோம்.

2011இல் சைபர் கஃபேக்களுக்கும் விதி வந்தது. தடுப்புகள் தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. அடையாள அட்டை கட்டாயம். வருகைப் பதிவேட்டை ஓராண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அடையாள அட்டை இல்லாத பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் வரலாம். கச்சேரி சாலை நோட்டு இப்போது மத்திய அரசிதழில் ஏறிவிட்டது. நாலரை அடித் தடுப்பு என்றால், உட்கார்ந்திருக்கும் பெண்ணின் திரையை நின்றுகொண்டிருக்கும் ஆண் தாராளமாகப் பார்க்கலாம்.

2012 அக்டோபரில் பாடகி சின்மயி, ட்விட்டரில் தன்னைப் பாலியல் ரீதியாக இழிவுபடுத்தியவர்கள்மீது சென்னை காவல் ஆணையரிடம் புகார் கொடுத்தார். இரண்டு பேர் கைதானார்கள். 66ஏவோடு தமிழ்நாடு பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டமும் போடப்பட்டது. இந்த இரண்டாவது சட்டத்துக்கும் சென்னைக் கதை உண்டு. 1998இல் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர் தெருவில் ஆண்கள் செய்த அத்துமீறலில் உயிரிழந்த பிறகு அவசரச் சட்டமாக வந்தது. "ஈவ் டீசிங்" என்ற கேவலமான சொல்லை அதன் தலைப்பிலிருந்து எடுக்க 2002 ஆனது.

அந்தக் கைதுகளை வரவேற்று நான் கையெழுத்துப் போட்டேன். இதை மறைக்க விரும்பவில்லை. எழுதப்பட்ட கமெண்டுகளைப் படித்திருந்தேன். கச்சேரி சாலை போன்காரனின் குரல் அவற்றில் கேட்டது. எங்களுக்குள் பெரிய சண்டை நடந்தது. சின்மயியின் சமூகக் கருத்துகளோடு உடன்படாத தோழிகள் சிலர், புகழும் செல்வாக்கும் இருப்பதால்தான் போலீஸ் இவ்வளவு வேகமாக ஓடியது என்றார்கள். தலித் பெண்கள் இணையத்தில் தினமும் வாங்கும் வசவுக்கு எந்த ஆணையர் பதில் சொன்னார் என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. ஆனால் அதையே காரணமாக வைத்து, வசவு வாங்கிய பெண்ணைக் கேலி செய்த ஆண்களோடு போய் நிற்க என்னால் முடியவில்லை.

தி.நகர் நடேசன் பூங்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. எங்களில் மூத்தவரான ஒரு வழக்கறிஞர் அக்கா, 66ஏவின் வாசகத்தை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார்.

"மிகவும் புண்படுத்துறதுன்னா என்னடி? யார் அளந்து பாக்கிறது?"

"அக்கா, அவன் எழுதுனதைப் படிச்சீங்களா நீங்க?"

"படிச்சேன். அதுக்கு வேற பிரிவு இருக்கு, 509 இருக்கு, பெண்கள் சட்டம் இருக்கு. இது எதுக்கு? இன்ஸ்பெக்டருக்குப் புண்பட்டாலும் இதே பிரிவுதானே?"

நான் அன்று கோபமாக எழுந்து போனேன். ஏறக்குறைய அதே நாட்களில், ஒரு மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் செய்ததற்காகப் புதுச்சேரியில் ஒரு சிறுதொழில்காரர் இதே 66ஏவில் கைதானார். நவம்பரில், பால் தாக்கரே மறைவுக்கு மும்பை ஏன் கடையடைக்க வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் கேட்ட ஓர் இளம்பெண்ணையும், அதற்கு லைக் போட்ட தோழியையும் பால்கரில் கைது செய்தார்கள். பெண்களைக் காக்கும் என்று நான் கையெழுத்திட்ட பிரிவு, ஒரு மாதம் கழித்து இரண்டு பெண்களைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனது. அக்காவுக்கு போன் செய்தேன். அவர் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. "மனு போடறாங்களாம், ஒரு பொண்ணுதான்" என்றார். அதுதான் ஷ்ரேயா சிங்கால் வழக்கு. 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் 66ஏவை முழுவதுமாக ரத்து செய்தது. அதே தீர்ப்பு 69ஏவைத் தொடாமல் விட்டது.

இடையே நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எழுதக் கை வருவதில்லை. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் தன் முகத்தை ஒட்டிய போலி ஆபாசப் படம் ஃபேஸ்புக்கில் வந்த இளம்பெண் ஒருவர், போலீஸுக்குப் புகார் போயும் படம் நீங்காமல், சில நாட்களில் தற்கொலை செய்துகொண்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2019இல் பொள்ளாச்சி வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலேயே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் இருந்தது. பெயரை எழுதும் பழக்கம் நம் அலுவலகங்களுக்கு அவ்வளவு ஊறியிருக்கிறது.

2018 ஏப்ரலில் அப்போதைய ஆளுநர் பன்வாரிலால் புரோஹித் செய்தியாளர் சந்திப்பில் ஒரு பெண் பத்திரிகையாளரின் கன்னத்தைத் தட்டினார். பின்னர் மன்னிப்புக் கடிதம் எழுதினார். அதையொட்டி, மயிலாப்பூர் தொகுதியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் நடிகருமான எஸ்.வி. சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார். மே மாதம் முன்ஜாமீனை மறுத்த நீதிபதி ராமதிலகம், ஒன்றைப் பகிர்வது அதை ஆமோதிப்பதுதான் என்ற கருத்தில் எழுதினார். எங்கள் செய்தி அறையில் அந்த உத்தரவைச் சத்தமாக வாசித்தோம். முன்ஜாமீன் மறுக்கப்பட்டும் கைது நடக்கவில்லை. தண்டனை 2024 பிப்ரவரியில் வந்தது: ஒரு மாதச் சிறை, 15,000 ரூபாய் அபராதம், மேல்முறையீட்டுக்காக நிறுத்திவைப்பு. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரு பதிவுக்கு ஏறக்குறைய ஏழு வருடம்.

இனி என் அலுவலகக் கதை. 2021 பிப்ரவரி 25இல் புதிய தகவல் தொழில்நுட்ப விதிகள் வெளியாயின. இடைநிலைத் தளங்களுக்கான பகுதியில் அப்போது ஒரு நல்ல விதி இருந்தது: சம்மதமில்லாத அந்தரங்கப் படம் பற்றி அந்தப் பெண் புகார் செய்தால் 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்றது அது. அதே விதித்தொகுப்பின் இன்னொரு பகுதி இணையச் செய்திகளை மூன்றடுக்குக் கண்காணிப்பின்கீழ் கொண்டுவந்தது. முதலில் வெளியீட்டாளர், அடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி போன்றவர் தலைமையில் ஓர் அமைப்பு, அதற்கு மேலே மத்திய அமைச்சகத்தின் குழு. மறுபடி ஒரே கட்டு. மே மாதம் அமைச்சகம் 15 நாளில் விவரங்களைத் தரச் சொன்னது. ஒவ்வொரு செய்தித் தளமும் குறைதீர்ப்பு அலுவலரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் வந்தால் 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் தீர்வு.

பெரிய நிறுவனங்களுக்கு இதற்கெல்லாம் சட்டப் பிரிவு இருக்கிறது. நாங்கள் ஐந்து பேர், தி.நகரில் இரண்டு அறை, அதுவும் பெருந்தொற்றுக் காலத்தில் பூட்டிக் கிடந்தது. சட்டம் பற்றி எழுதுகிறவள் என்பதால் என் பெயரைப் போட்டார்கள். என் செல்போன் எண்ணையும். நான்தான் சரி என்றேன். பிரவுசிங் சென்டர் நோட்டு அப்போது ஒரு நொடிகூட நினைவுக்கு வரவில்லை.

வந்த புகார்களில் செய்தியின் பிழையைச் சுட்டியவை சில, அவை உபயோகமானவை. மீதி வேறு வகை. கோயில் நிர்வாகம் பற்றிய செய்தியோ, ஒரு சாதிச் சங்கத்தைப் பற்றிய செய்தியோ போன மறுநாள், இரவு 11 மணிக்கு மேல் அழைப்புகள். "குறைதீர்ப்பு அலுவலர்தானே, என் குறையைத் தீத்து வைம்மா" என்று ஒருவன் சிரித்தான். சட்டப்படி ஒப்புகை அனுப்ப வேண்டியிருக்கிறதே என்று அழைப்பை எடுத்துத் தொலைத்தேன். இரண்டு மாதத்தில், எழுதுவதற்கு முன்பே "இதுக்கு போன் வருமா?" என்று நாங்கள் கேட்டுக்கொள்ளப் பழகிவிட்டோம். மூன்று செய்திகளைப் போடாமல் விட்டோம். அவற்றில் ஒன்று ஒரு தனியார் விடுதியில் வேலை செய்யும் பெண்களின் சம்பளம் பற்றியது. அரசு எங்களை எதுவும் செய்யவில்லை. ஓர் உத்தரவுகூட வரவில்லை.

பாடகர் டி.எம். கிருஷ்ணாவும், பத்திரிகையாளர் முகுந்த் பத்மநாபனோடு சேர்ந்து டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர்கள் சங்கமும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார்கள். செப்டம்பர் 16இல் தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி, நீதிபதி ஆதிகேசவலு அமர்வு, மூன்றடுக்குக் கண்காணிப்பைக் கொண்டுவந்த 9ஆம் விதியின் உட்பிரிவுகளை நிறுத்திவைத்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் முந்தின மாதமே அப்படிச் சொல்லியிருந்தது. அன்றே என் எண்ணைத் தளத்திலிருந்து எடுத்தோம். ஆனால் யாரோ அதைப் படமெடுத்து வைத்திருந்தார்கள். இரவு அழைப்புகள் அடுத்த வருடம் வரை வந்தன, கடைசியில் நான் எண்ணையே மாற்றினேன். வங்கி, கேஸ், ஆதார் என்று அதற்கு அலைந்ததை எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும்.

2025 பிப்ரவரி நடுவில், மந்தைவெளியில் அம்மா செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இந்த அவள் விகடன் வரவே மாட்டேங்குது. டேட்டா தீந்துபோச்சா பாரு." தீரவில்லை. பிப்ரவரி 15ஆம் தேதி மாலையிலிருந்து விகடன் தளம் பலருக்குத் திறக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிடப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டதை வைத்து, ட்ரம்ப் அருகே பிரதமர் மோடி கைவிலங்கோடு உட்கார்ந்திருப்பதாக விகடன் ப்ளஸ் இணைய இதழ் கார்ட்டூன் போட்டிருந்தது. அன்றுதான் பாஜகவின் மாநிலத் தலைவர் அண்ணாமலை புகார் கொடுத்திருந்தார். விளக்கம் கேட்கும் அதிகாரபூர்வக் கடிதம் தளம் முடங்கிய பிறகே வந்தது.

விகடனுக்கு இது புதிதல்ல. 1987இல், சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்த அட்டைப்பட ஜோக்குக்காக, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனைச் சட்டப்பேரவை மூன்று மாதம் கடுங்காவலுக்கு அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் விட்டார்கள். பின்னாளில் உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆசிரியர் சிறையில் இருந்தார், ஜோக் கடைகளில் இருந்தது. 2025இல் யாரும் சிறைக்குப் போகவில்லை. ஒரு கார்ட்டூனுக்காக மொத்தத் தளமும் மறைந்தது. அம்மா தேடிய சமையல் குறிப்பு, ஒரு பேறுகாலக் கட்டுரை, நாங்கள் மேற்கோள் காட்ட வைத்திருந்த பழைய நீதிமன்றச் செய்திகள், எல்லாம் அதோடு போயின. மார்ச் 6இல் நீதிபதி பரத சக்கரவர்த்தி, அந்தக் கார்ட்டூன் பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்க உத்தரவிட்டார். மூன்று வாரம் ஆகிவிட்டது.

தளத்தை முடக்க சில மணி நேரம் போதும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். அதே ஆண்டு ஜூலையில் அதே உயர் நீதிமன்றத்துக்கு வந்தவர் ஒரு பெண் வழக்கறிஞர். பழகியவன் எடுத்த அந்தரங்கப் படங்கள் பல தளங்களில் பரவியிருந்தன. ஏப்ரலிலேயே எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டது, அமைச்சகத்துக்கும் எழுதிவிட்டார். ஜூலை 9இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 48 மணி நேரத்தில் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். ஒரு தளத்தில் நீக்கினால் இன்னொன்றில் முளைத்தது. விசாரணை என்ற பெயரில் ஆண் காவலர்கள் அந்த வீடியோவை அவரை வைத்துக்கொண்டே பார்த்ததும், அவர் பெயரை ஆவணத்தில் எழுதியதும் நீதிமன்றத்தில் தெரியவந்தது. பெயரை நீக்கச் சொன்னார் நீதிபதி. நவம்பரில் அமைச்சகம் ஒரு நடைமுறையை வெளியிட்டது: 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும், மறுபடி ஏறாமல் தடுக்க வேண்டும். 24 மணி நேர விதி 2021லேயே இருந்தது. அதைச் செயல்படுத்த ஒரு பெண் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, அவர் வழக்கறிஞராகவும் இருக்க வேண்டியிருந்தது.

செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம், உள்துறையின் 'சஹயோக்' தளம் வழியாக நீக்க உத்தரவுகள் அனுப்புவதை எதிர்த்த எக்ஸ் நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது. சமூக ஊடகத்துக்குக் கட்டுப்பாடு தேவை, பெண்களுக்கு எதிரான குற்றங்களில் இன்னும் தேவை என்றது. அந்த வரியைப் படித்தபோது அக்காவின் அச்செடுத்த காகிதம் நினைவுக்கு வந்தது. எக்ஸ் நிறுவனத்துக்காக நான் கண்ணீர் விடவில்லை, பெண்களின் புகார்களை அது எப்படி நடத்துகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தளம் வழியாகப் போகும் உத்தரவுகளில் எத்தனை பெண்களுடையவை, எத்தனை அமைச்சர்களுடையவை என்று நாம் கேட்டால் யார் சொல்வார்கள்?

போன மாதம் அடையாறு காந்தி நகரிலிருந்து ஒரு பெண் எங்கள் அமைப்புக்கு வந்தாள். இருபத்திரண்டு வயது. முன்னாள் காதலன் போட்ட படங்கள். அவள் போன காவல் நிலையத்தில் எல்லா லிங்குகளையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தாள். மறுபடி போனபோது, புதிதாக முளைத்தவற்றையும் சேர்த்து எழுதி வரச் சொன்னார்கள். தினமும் இரவு அவளே தேடி, அவளே திறந்து பார்த்து, எழுதுகிறாள். பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தாள்: எண், தேதி, விலாசம், பார்த்த நேரம். 43ஆவது வரியில் இருந்தாள்.

"அக்கா, இதுல என் போன் நம்பரும் எழுதணுமாம். எழுதலாமா?"

என் பழைய எண் ஒன்று அலுவலகப் பெயரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை எழுதச் சொன்னேன்.